புகுதலும் மயங்குதலும்: ஊருக்குள் வந்த விலங்கைப் பற்றிச் சில குறிப்புகள்

1

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் மழை. பெருங்களத்தூரிலிருந்து நெடுங்குன்றம் போகிற சாலையில் ஒரு முதலை குறுக்கே கடந்து ஓரத்துப் புதருக்குள் இறங்குவதை வண்டியில் போன யாரோ கைபேசியில் படம் பிடித்துவிட்டார்கள். நான் அப்போது ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆள் குறைந்த நாட்களில் உள்ளூர்ப் பக்கத்துக்குத் தலைப்பு வைப்பதும் என் தலையில் விழும். செய்தி வந்ததும் யோசிக்கவே இல்லை; கை தானாக எழுதிற்று: 'ஊருக்குள் புகுந்த முதலை'. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "வண்டலூர் ஜூவுலேர்ந்து தப்பிச்சிருக்குமோ?" என்றார். அவருக்கும் எனக்கும் முதலை இருக்கக்கூடிய இடம் என்று தெரிந்தது அந்த ஒன்றுதான்.

தலைப்புக்குக் கீழே, அதே செய்தியில், அரசுத் தரப்பு விளக்கமும் இருந்தது: சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகள் சிலவற்றில் சதுப்புநில முதலைகள் வாழ்கின்றன, கூச்ச சுபாவம் கொண்டவை, மனிதரை விட்டு ஒதுங்கியே இருப்பவை, வெள்ளத்தில் நீர் நிரம்பி வழிந்ததால் வெளியே வந்திருக்கிறது. அதாவது அந்த முதலை நெடுங்குன்றம் பக்கத்து ஏரியில் குடியிருக்கிற முதலை. புகுந்தது எது? ஏரிக்குள் ஊர் புகுந்ததா, ஊருக்குள் முதலை புகுந்ததா? செய்தி ஒன்று சொல்ல, தலைப்பு வேறொன்று சொல்லிற்று. தலைப்புத்தான் ஜெயித்தது. அந்தத் தலைப்பை வைத்தவன் என்ற முறையில் 'புகுதல்' என்ற வினைச்சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டிய கடன் எனக்கிருக்கிறது.

2

'வந்தது' என்பதற்கும் 'புகுந்தது' என்பதற்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல. வருவதற்குப் பாதை போதும். புகுவதற்கு ஓர் எல்லை வேண்டும். எல்லைக்கு உள்ளே ஓர் உரிமையாளன் வேண்டும். அவனுடைய சம்மதம் இல்லாமலிருக்க வேண்டும். 'வீடு புகுந்து திருட்டு' என்கிறோம். 'வீட்டுக்குள் புகுந்த விருந்தாளி' என்று சொல்வதில்லை. ஆகவே இந்த வினைச்சொல் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வதோடு நிற்பதில்லை. யார் சொந்தக்காரன், யார் அந்நியன் என்று விசாரணைக்கு முன்பே தீர்ப்பும் எழுதிவிடுகிறது.

நாளிதழ்களின் விலங்குச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவற்றின் கதையாடல் அமைப்பு பழகியிருக்கும். புகுதல், பீதி, அட்டகாசம், பிடிபடல், கடைசியாக 'அடர்ந்த காட்டில் விடப்பட்டது'. குரங்கானாலும் கரடியானாலும் சிறுத்தையானாலும் இதே வரிசை. சிக்கல் தொடங்கி, முற்றி, அவிழ்கிறது. வாசகன் நிம்மதியாக அடுத்த பக்கம் புரட்டுகிறான். மேரி டக்ளஸ் 1966ல் எழுதிய தூய்மையும் அபாயமும் பற்றிய நூலில், அழுக்கு என்பது தன்னளவில் ஒரு பொருளே இல்லை, இடம் மாறிக் கிடக்கிற பொருளைத்தான் அழுக்கு என்கிறோம் என்ற கருத்தை முன்வைத்தார். செருப்பு வாசலில் கிடந்தால் செருப்பு. சாப்பாட்டு மேசைமேல் கிடந்தால் அழுக்கு. நகரத்தின் கண்ணில் முதலையும் அப்படித்தான். வண்டலூரில் சீட்டு வாங்கிப் பார்த்தால் பொருட்காட்சி. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளித் தார்ச்சாலையில் கண்டால் பீதி. விலங்கு ஒன்றேதான், மாறியது இடம்.

ஜான் பெர்ஜர் 1977ல் எழுதிய, விலங்குகளை நாம் ஏன் பார்க்கிறோம் என்ற கட்டுரையில், மனிதனும் விலங்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பழைய பார்வை முதலாளிய நவீனத்தில் அணைந்துபோயிற்று என்கிறார். மிருகக்காட்சிசாலை அந்தச் சந்திப்பு இனிச் சாத்தியமில்லை என்பதற்கான நினைவுச் சின்னம். இதில் உண்மை உண்டு. ஆனால் பெர்ஜரின் நகரம் ஐரோப்பிய நகரம். நம்முடைய நகரங்களில் அந்தச் சந்திப்பு முடிந்துபோகவில்லை. மழை பெய்தால் போதும், கதவிடுக்கில் வந்து நிற்கிறது. இங்கே அணைந்துபோனது பார்வையல்ல, அதைச் சொல்வதற்கான மொழி.

கதையின் கடைசி வரியைக் கவனியுங்கள். 'அடர்ந்த காட்டில் விடப்பட்டது.' அந்தக் காடு எங்கே இருக்கிறது? இதற்கு மகாராட்டிரத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. புனே மாவட்டத்து ஜுன்னர் பகுதியில் கரும்புத் தோட்டங்களில் வாழ்ந்த சிறுத்தைகளை 2001 முதல் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட இடங்களுக்குப் பக்கத்தில் மனிதர்மேல் தாக்குதல் குறையவில்லை, கூடியது என்று வித்யா அத்ரேயாவும் அவரது சகாக்களும் 2011ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பழகின இடத்தையும் பழகின மனிதரையும் இழந்த சிறுத்தை, தெரியாத ஊரில் தடுமாறுகிறது. 'அப்புறப்படுத்துதல்' சிக்கலைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு அதைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவைக்கிறது. அப்புறம் என்பது யாரோ ஒருவருடைய இப்புறம்தானே.

மும்பை இதைக் கொஞ்சம் படித்துக்கொண்டது எனலாம். சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை மூன்று பக்கமும் நகரம் நெருக்குகிறது. சிறுத்தைகள் ஆரே குடியிருப்புப் பக்கம் இரவில் நாய் பிடிக்க வந்து போகின்றன. 2011ல் வனத்துறையும் ஆய்வாளர்களும் நகரவாசிகளும் சேர்ந்து ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள்: குப்பையை அகற்றுங்கள், விளக்குப் போடுங்கள், சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடாதீர்கள், கண்ணில் பட்டது என்பதற்காகவே பிடிக்கச் சொல்லாதீர்கள். அங்குள்ள வார்லி ஆதிவாசிகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. அவர்களுக்குப் புலி, சிறுத்தை வடிவத்தில் வாகோபா என்ற தெய்வமே உண்டு. தெய்வம் என்பதால் பயமில்லை என்று அர்த்தமில்லை; பயத்தோடு பேசிக்கொள்ள ஒரு வழி இருந்தது என்று அர்த்தம்.

3

இனி என் வீட்டுக் கதை. வேளச்சேரிக்குத் தெற்கே, 'ஏரிக்கரைத் தெரு' என்று பெயர்ப்பலகை உள்ள தெருவில் குடியிருக்கிறேன். ஏரி இல்லை. கரையும் இல்லை. பெயர் மட்டும் மிச்சம். குறிப்பீடு செத்துப்போன குறிப்பான். 2021 நவம்பர் மழையில் தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர். ஒரு மாலை, துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் பாம்பு. ஆறடி இருக்கும். மங்கிய மஞ்சளும் பழுப்பும். அம்மா அலறினாள். மகள் கட்டில்மேல் ஏறிக்கொண்டாள். அன்றைக்கு நான் படித்த பெர்ஜரும் டக்ளஸும் எங்கே போனார்கள் என்று தெரியாது. தெருப் பையன்கள் கம்போடு வந்து, "சார், என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார்கள். கேட்டார்கள் என்பதுதான் முக்கியம். நான், "அடிங்க" என்றேன்.

மறுநாள் பக்கத்துக் காலிமனையில் புதர் வெட்ட வந்த இருளர் பெரியவர் குப்பைமேட்டில் கிடந்ததைக் குனிந்து பார்த்தார். 

"சாரை சார் இது. எலி பிடிக்க வந்திருக்கும். ஏன் சார் அடிச்சீங்க?" 

"வீட்டுக்குள்ள புகுந்துருச்சு பெரியவரே" என்றேன். 

"கூப்பிட்டிருந்தா புடிச்சிட்டுப் போயிருப்பேனே." 

"எங்க கொண்டுபோய் விடுவீங்க?" 

அவர் காலிமனையைப் பார்த்தார், எங்கள் தெருவைப் பார்த்தார். "எங்க விடறது? அது இருந்த எடமே இதுதான."

சாரைக்கு விஷமில்லை. எலிதான் அதற்கு இரை. அம்மாவின் பயத்துக்கு வேறொரு கதை காரணம்: சாரை வந்தால் பின்னாலேயே நல்லது வரும். சாரையும் நல்லபாம்பும் ஆணும் பெண்ணும் என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை. இரண்டு பாம்புகள் நிமிர்ந்து பின்னிக்கொண்டு ஆடுவதைப் பார்த்து அதைச் சாரையும் நாகமும் இணைவதாகச் சொல்வார்கள். உண்மையில் அது இரண்டு ஆண் சாரைகள் பெண்ணுக்காகப் போடுகிற மல்யுத்தம். இரண்டும் வேறு வேறு இனம், இணைவதில்லை. ஒரு தவறான வாசிப்பு ஓர் உயிரைக் கொன்றது என்று அம்மாமேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் அதே அம்மாதான் அன்று ராத்திரி, "பேரைச் சொல்லாதடா, பூச்சின்னு சொல்லு" என்று என்னைத் திருத்தினாள். இரவில் பாம்பைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடாது என்கிற பழக்கத்தில் பயமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது, அது பக்கத்தில்தான் இருக்கிறது என்ற ஒப்புதலும் இருக்கிறது. 'அடிங்க' என்ற என் சொல்லில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

4

தமிழ் படித்தவன் இந்த இடத்தில் திணைக் கோட்பாட்டுக்கு ஓடுவது வழக்கம். 'சங்கத் தமிழன் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தான்' என்ற பாடப்புத்தக வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். அந்த ஓட்டத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. கருப்பொருள் பட்டியல் ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய விலங்கை மட்டும் வைக்கவில்லை. தெய்வத்தை, உணவை, தொழிலை எல்லாம் சேர்த்தே வைக்கிறது. இன்னின்னது இன்னின்ன இடத்தில் என்று வகுப்பது அழகான காரியம், ஆபத்தான காரியமும்கூட. மரபியலைப் பாருங்கள். விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பெயர், பெண்பெயர் என்று அவ்வளவு நுட்பமாக வகைப்படுத்துகிற அதே இயலில்தான் அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என மனிதரை வகைப்படுத்தும் நூற்பாக்களும் இருக்கின்றன. அவை இடைச்செருகல் என்று வாதிடுவோர் உண்டு. செருகியவனுக்கு அந்த இடம் தோதாகப் பட்டது என்பதை மட்டும் நாம் மறக்கவேண்டியதில்லை.

இருந்தும் மரபியலிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. 'விலங்கு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எறும்பிலிருந்து யானைவரை போட்டு மூடி, மறுபக்கத்தில் 'மனிதன்' என்று எழுதுவதே மேற்கத்தியத் தத்துவத்தின் வன்முறை என்று தெரிதா 1997ல் ஆற்றிய உரையில் சொன்னார். தன் வீட்டுப் பூனையின் முன் நிர்வாணமாக நின்ற கூச்சத்திலிருந்து தொடங்குகிற உரை அது. மரபியல் அந்த ஒற்றைச் சொல்லோடு நிற்பதில்லை. குரங்கின் குட்டிக்கு மட்டும் குட்டி, மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு என்று பல பெயர்கள். பெண் குரங்கு மந்தி. மகவு, பிள்ளை இரண்டும் மனிதக் குழந்தைக்கும் உரிய பெயர்கள். பெயர்கள் பெருகும்போது எதிர்வு இளகுகிறது. நம் செய்திகளில் குரங்குக்கு உள்ள ஒரே அடைமொழி அட்டகாசம்.

இதைவிட முக்கியமானது மயக்கம் பற்றிய பேச்சு. திணைகளை வகுத்த தொல்காப்பியர் உடனேயே அவை மயங்கும் என்கிறார். உரிப்பொருளைத் தவிர மற்றவை கலந்து வர இடமுண்டு. அகத்திணையியலில் ஒரு நூற்பா இன்னும் மேலே போகிறது. ஒரு நிலத்துக்குரிய பூவோ புள்ளோ தனக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வராமல் வேறு நிலத்தில் வந்து தோன்றினால், அது எந்த நிலத்துக்கு வந்ததோ அந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. எங்கிருந்து வந்தாய் என்ற விசாரணை இல்லை. வந்த இடத்துக்குரியது நீ. நூற்பா சொல்வது பூவையும் புள்ளையும்தான். அதை முதலைக்கும் சாரைக்கும் நீட்டி வாசிப்பது என் பொறுப்பு. செய்யுளுக்குச் சொன்ன இலக்கணத்தை நகராட்சிக்குச் சட்டமாக்க முடியாது என்பதும் தெரியும். நான் கேட்பது இவ்வளவுதான்: இடம் மாறி வந்ததைக் குறிக்க 'புகுதல்' தவிர வேறு சொல் நம்மிடம் இல்லை என்றால் அது பொய். 'மயங்குதல்' இருந்திருக்கிறது.

ஒரு மயக்கத்தைக் கண்ணால் பார்க்கவேண்டுமானால் கிண்டிக்குப் போகலாம். முல்லைப் பாடல்களில் கார்காலத்தில் தேரேறித் திரும்புகிற தலைவன் வழியில் காண்பது முறுக்கிய கொம்புள்ள இரலை, பக்கத்தில் அதன் பிணை. அந்த இரலையைப் புல்வாய் மானின் ஆண் என்றே பலரும் கொள்வர். வெளிமான் என்றும் அதற்குப் பெயர். அந்த மான் இன்று ஒரு கோடிப் பேர் வசிக்கிற பெருநகரத்தின் நடுவே, 1978ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சுமார் 2.7 சதுர கிலோமீட்டருக்குள்ளும், பழைய கிண்டி வனத்திலிருந்து நிலம் பெற்று 1959ல் எழுந்த ஐ.ஐ.டி. வளாகத்திலும் வாழ்கிறது. விடுதிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவில் மான் மேய்வதை மாணவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பார்க்காமல் கடந்துபோவதுகூட ஒருவகை அயலார் உறவுதான்.

ஆனால் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. வெளிமானுக்கு வெளி வேண்டும். மரமடர்ந்த காடு அதற்கு உதவாது. புல்தரை வேண்டும், ஓடுவதற்குத் திறந்த நிலம் வேண்டும். சீமைக்கருவேலமும் புதரும் மண்டி, கட்டடங்களும் எழும்ப எழும்ப அதன் வெளி சுருங்குகிறது. நாமோ இயற்கை என்றால் பச்சை, பச்சை என்றால் மரம் என்று சமன்பாடு போட்டு, புல்வெளியைக் கண்டால் 'தரிசு' என்று மரக்கன்றோடு ஓடுகிறோம். பிளாஸ்டிக் பையைத் தின்று செத்த மானின் வயிற்றை அறுத்துப் பார்த்த செய்திகளும் வந்திருக்கின்றன. நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அழிப்பதற்கும் அறியாமை போதுமானது.

5

அந்தப் பெரியவரிடம் திரும்புகிறேன். அவருடைய முன்னோர் செங்கல்பட்டுப் பகுதியில் பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்தவர்கள். பாம்புத்தோல் வியாபாரம் நடந்த காலத்தில் தோல் போய்ச் சேர்ந்த இடத்தில் லாபம், பிடித்த கைக்குச் சில்லறை. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; ஏற்றுமதித் தடையும் வந்தது. பாம்புக்கு நல்லது நடந்தது, மறுக்கவில்லை. கூடவே ஒரு வாழ்முறை முழுவதும் ஒரே நாளில் குற்றமாயிற்று. 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய பிறகுதான் ஒரு மாற்றுவழி. வடநெம்மேலியில் அவர்கள் அனுமதி பெற்றுப் பாம்பைப் பிடித்துவந்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி மறுபடி வெளியில் விடுகிறார்கள். இந்தியாவில் தயாராகும் விஷமுறி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு அந்தக் கைகளிலிருந்து போகிறது. 

2017ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். வளர்ப்புப் பிராணியாக ஆசியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டு அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்க. 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே சமூகத்தைச் சேர்ந்த மற்றவர்கள் ஏரிக்கரைகளில் பட்டாவுக்கு மனுக் கொடுத்துக் காத்திருக்கிறார்கள்.

சட்டமும் ஒரு பிரதிதான். அதற்கும் இலக்கணம் உண்டு. அதே 1972 சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை காக்கை, எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தீங்குயிர் என்று வைத்திருந்தது, கொன்றால் கேள்வியில்லை. 2022ல் செய்த திருத்தத்தில் அந்த அட்டவணை போய்விட்டது. சாரை சட்டத்தின் காப்புப் பெற்ற உயிர். ஆகவே என் வீட்டில் நடந்தது சட்டப்படி குற்றம். யாரும் என்னைக் கேட்கவில்லை. பெரியவர் அதைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்திருந்தால் அவரைக் கேட்டிருப்பார்கள்.

'புகுதல்' என்ற சொல் விலங்கோடு நிற்பதில்லை என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். கூவம், அடையாற்றங்கரைகளில் குடிசை போட்டவர்களுக்கு நாம் வைத்த பெயர் ஆக்கிரமிப்பாளர். அவர்களும் 'அப்புறப்படுத்தப்பட்டு' கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் விடப்பட்டார்கள், அதாவது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய, மழைக்கு மூழ்கும் தாழ்நிலத்தில். ஒரு காலத்தில் 50 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்திருந்த அந்தச் சதுப்பில் பத்தில் ஒரு பங்குபோல மிஞ்சியிருக்கிறது. 2022ல் அதற்கு ராம்சர் தகுதி கிடைத்தது. சதுப்புமேல் கண்ணாடிக் கோபுரம் எழும்பினால் அதற்குப் பெயர் வளர்ச்சி. என்னைப்போல் தவணைக் கடனில் ஏரிக்குள் வீடு வாங்கினால் அதற்குப் பெயர் குடியிருப்பு. குடிசைக்காரனும் முதலையும்தான் புகுந்தவர்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விலங்கோடு சேர்ந்து வாழ்வோம் என்று எழுதுவது கதவும் விளக்கும் கழிப்பறையும் உள்ளவனுக்குச் சுலபம். 2000லிருந்து 2019வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. பெரும்பாலோர் கிராமப்புறத்துக்காரர்கள், வயலில் வெறுங்காலோடு நடப்பவர்கள், தரையில் படுப்பவர்கள். சிறுத்தைக்குப் பயந்துகொண்டே இரவில் வெளிக்குப் போகவேண்டியிருப்பது ஆதிவாசிப் பாடாக்களின் குழந்தைகள். மயக்கத்தின் அழகு ஒருவருக்கும் அதன் விலை இன்னொருவருக்கும் போய்ச் சேருமானால் அதுவும் சுரண்டல்தான். ஆகவே 'வழி விடுங்கள்' என்ற உபதேசத்துக்கு முன்னால் விளக்கும் கழிப்பறையும் விஷமுறி மருந்தும் வரவேண்டும்.

6

போன மழைக்காலத்தில், அதே மேசையில், பக்கத்துப் பேட்டையில் ஒரு வீட்டுக்குப் பாம்பு வந்த செய்தி என்னிடம் வந்தது. 'ஏரி நிரம்பி வீட்டுக்கு வந்த பாம்பு' என்று தலைப்பு வைத்தேன். மூத்த உதவி ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'வீட்டுக்குள் புகுந்த' என்று மாற்றினார். "புகுந்ததுன்னாத்தான் தம்பி படிப்பாங்க. வந்ததுன்னா யாரு திரும்பிப் பாப்பா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நானே அப்படித்தானே படித்தேன், அப்படித்தானே அடிக்கச் சொன்னேன்.

எங்கள் தெருவில் இப்போது கதவில் வனத்துறையின் தொலைபேசி எண் ஒட்டியிருக்கிறது. கம்போடு வந்த பையன்களில் ஒருவன்தான் ஒட்டினான். இந்த மழைக்கு ஒருமுறை கூப்பிட்டோம். பிடித்தவர் பாம்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே விடுவீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பெரியவர் காலிமனையைத் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. அந்த மனையில் இப்போது மூன்று மாடி எழும்பிவிட்டது. கேட்கவில்லை.